பள்ளிக் குதிரையை முதல் குதிரையாக வாங்கலாமா?

வாசகர் கேள்வி:

என் மகளுக்கு வயது 14. இரண்டு ஆண்டுகளாக ஒரு குதிரையேற்றப் பள்ளியில் வாரந்தோறும் பயின்று வருகிறாள். பெரும்பாலும் ஒரே குதிரையில்தான் ஏறுகிறாள். அது 16 வயதுடைய, காயடித்த ஆண் குதிரை. முன்பு பந்தயத்தில் ஓடியது. ஆறு ஆண்டுகளாக அந்தப் பள்ளியில் இருக்கிறது. குதிரைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதாகச் சொல்லி, அதை எங்களுக்கே விற்கப் பள்ளி முன்வந்துள்ளது. வெளிநாட்டிலிருந்து ஒரு குதிரையை வரவழைப்பதைவிட விலை மிகக் குறைவு. "எங்களுக்கு நன்கு தெரிந்த குதிரை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தேவையில்லை" என்கிறார்கள். நாம் வாங்காவிட்டால் அதை எங்காவது அனுப்பிவிடுவார்கள் என்று மகள் அழுகிறாள். எங்கள் குடும்பத்தில் யாரும் குதிரை வைத்திருந்ததில்லை. பழகிய குதிரைதானே, துணிந்து வாங்கலாமா?

(சிங்கப்பூர், ஈசூனிலிருந்து ஒரு தந்தை)

குதிரை மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம். உங்கள் மகளுக்கு இந்தக் குதிரை பொருத்தமானதாக அமைய நல்ல வாய்ப்பு உண்டு. இருப்பினும் இந்த மாதமே பணத்தைக் கொடுத்து வாங்கிவிடாதீர்கள். முதலில் ஆறு மாதக் குத்தகைக்குக் கேளுங்கள். அந்தக் காலத்திற்குள், பள்ளிக்குத் தொடர்பில்லாத ஒரு குதிரை மருத்துவரைக் கொண்டு முழுப் பரிசோதனை செய்யுங்கள். அதன் பிறகு முடிவெடுங்கள். இந்த ஆலோசனைக்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். விலை குறைவு, பழக்கம் அதிகம் என்ற இரண்டு காரணங்களுக்காக இங்கே பல குடும்பங்கள் அவசரப்பட்டு முடிவெடுப்பதைப் பார்க்கிறேன். அவ்வாறு எடுத்த முடிவின் சுமை பெரும்பாலும் குதிரையின் முதுகில்தான் இறங்குகிறது.

முதலில் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டுகள் பயிற்சிப் பள்ளியில் நின்று பிடித்த குதிரை சாதாரணக் குதிரை அன்று. இருக்கையில் நிலைகொள்ளாமல் ஆடும் புதியவர்களையும், கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கும் சிறுவர்களையும், தவறான நேரத்தில் குதிகாலால் உதைப்பவர்களையும் அது நாள்தோறும் பொறுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பொறுமை எளிதில் கற்பிக்கக்கூடியதன்று. நான்கு அல்லது ஐந்து வயதுள்ள இளங்குதிரையை முதல் குதிரையாக வாங்கித் தருவதைவிட, கற்றுத் தேர்ந்த ஒரு மூத்த குதிரையை 14 வயதுப் பெண்ணிடம் ஒப்படைப்பது எவ்வளவோ மேல். இன்னொரு நன்மை சிங்கப்பூருக்கே உரியது. குளிர்ந்த நாட்டிலிருந்து வரும் குதிரை நம் வெக்கையையும் ஈரக்காற்றையும் தாங்குமா என்பது அது வந்து சேர்ந்து பல மாதங்கள் கழிந்த பிறகே தெரியவரும். உங்கள் மகளின் குதிரையோ இந்த வானிலையில் ஆண்டுக்கணக்கில் உழைத்து வந்திருக்கிறது. இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

ஆனால் நீங்களும் மகளும் அறிந்திருப்பது, பள்ளியின் ஒழுங்குக்குள் வாழும் குதிரையை மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். வாரத்தில் ஐந்தாறு நாள், காலையிலும் மாலையிலும் பாடங்களில் நடந்தும் ஓடியும் களைத்திருக்கும் குதிரையையே அவள் சந்திக்கிறாள். அவள் வருவதற்குள் யாரோ அதைத் தேய்த்துக் கழுவி, குளம்பைச் சுத்தம் செய்து, சேணம் பூட்டி வைத்திருக்கிறார்கள். திடலில் அதற்கு முன்னால் ஒரு குதிரை போகிறது, பின்னால் ஒன்று வருகிறது. நடுவில் நின்று பயிற்றுநர் குரல் கொடுக்கிறார். அந்தக் குரலைக் கேட்டே டிராட் என்னும் மிதவேக ஓட்டத்துக்கும், அதைவிட வேகமான கேன்டருக்கும் மாறப் பழகிய பள்ளிக் குதிரைகள் நிறைய உண்டு. மேலே இருப்பவர் கட்டளையிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். விற்பனை முடிந்த மறுநாளே இந்த ஏற்பாடு அனைத்தும் மாறிவிடும். ஒரு மாணவியால் வாரத்திற்கு மூன்று அல்லது நான்கு முறைதான் ஏற முடியும். உழைப்பு பாதிக்கும் கீழே குறைந்து, தானியத் தீவனம் பழைய அளவிலேயே தொடர்ந்தால், இரண்டு மூன்று வாரங்களில் அந்தச் சாதுவான குதிரை இருப்புக்கொள்ளாமல் துள்ளத் தொடங்கும். அப்போது, "பள்ளியில் இப்படி இருந்ததே இல்லையே" என்று பெற்றோர் திகைக்கிறார்கள். குதிரையின் மீது பிழையில்லை. வேலை குறையும்போது தானியத்தைக் குறைத்து, உலர்புல்லைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும். நாள்தோறும் தன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு வரை, அதாவது 450 கிலோ எடையுள்ள குதிரை ஏறத்தாழ 7 முதல் 9 கிலோ வரை, நார்த்தீவனம் உண்ண வேண்டும். தீவனத்தில் எந்த மாற்றம் செய்தாலும் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை படிப்படியாகச் செய்ய வேண்டும். திடீர் மாற்றம் வயிற்றுவலிக்கு வழி திறந்துவிடும். மனிதர்களுக்கு வரும் வயிற்றுவலியைப் போல இதைச் சாதாரணமாக எண்ண முடியாது. குதிரைக்கு அது உயிரையே பறிக்கக்கூடியது.

ஆகவே குதிரையைப் பாடவேளைக்கு வெளியே பார்க்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலை நேரத்தில் லாயத்திற்குச் செல்லுங்கள். இரவு முழுவதும் நின்ற குதிரை கொட்டடியைவிட்டு வெளியே எடுத்து வைக்கும் முதல் பத்துப் பன்னிரண்டு அடிகளைக் கவனியுங்கள். கால்கள் விறைத்தாற்போலக் குறுகிய அடி வைக்கிறதா, திரும்பும்போது ஒரு காலைக் காக்கிறதா, சில நிமிடங்கள் நடந்த பிறகு அது சரியாகிறதா என்று பாருங்கள். மூட்டுத் தேய்மானம் உடல் சூடேறிய பிறகு மறைந்துகொள்ளும்; உங்கள் மகள் எப்போதும் சூடேறிய குதிரையையே பார்த்திருப்பாள். பிறகு அவளே தலைக்கயிற்றை மாட்டி வெளியே கொண்டுவரட்டும், அவளே நான்கு கால்களையும் தூக்கிக் குளம்பைச் சுத்தம் செய்யட்டும், அவளே சேணம் பூட்டட்டும். வயிற்றுவார் இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வருகிறதா? யாரும் பிடித்துக்கொள்ளாமல் ஏறும்வரை நிற்கிறதா? இவற்றைப் பார்த்த பிறகு, முதலில் பள்ளியைச் சேர்ந்த ஒருவர் ஏறி ஓட்டிக்காட்ட வேண்டும். அடுத்து நீங்கள் அழைத்துவரும் வெளிப் பயிற்றுநர் ஒருவர் ஏற வேண்டும். அதன் பிறகே மகள் ஏற வேண்டும். மற்றக் குதிரைகள் லாயத்தில் இருக்கும்போது இது மட்டும் தனியாகத் திடலுக்கு வருமா என்பதும், வாயிலைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் இழுக்கிறதா என்பதும், இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் ஒரே வருகையில் தெரிய வராது. குத்தகைக் காலம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, எதற்காக விற்கிறார்கள் என்ற கேள்வி. குதிரைகளைக் குறைக்கிறோம் என்று பள்ளி சொல்வது முற்றிலும் உண்மையாக இருக்கலாம். நம் நாட்டில் குதிரைத் தொழில் இப்போது பெரிய மாற்றத்தில் இருக்கிறது. கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 1842இல் தோன்றிய மன்றம் ஒன்றின் பந்தய மரபு, ஃபேரர் பார்க்கிலிருந்து புக்கிட் தீமாவுக்கும் அங்கிருந்து கிராஞ்சிக்கும் இடம்பெயர்ந்த பிறகு, அன்றோடு நின்றுபோனது. லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடக்கும் நமக்கு அந்தப் பெயரின் பின்னணி தெரியும். பந்தயம் நின்றபோது அதைச் சார்ந்திருந்த தொழில்களும் சுருங்குவது இயல்பு. ஆயினும், குறைப்பதென்று முடிவெடுத்த பள்ளி தன் குதிரைகளில் இந்த ஒன்றை ஏன் தேர்ந்தெடுத்தது என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும். நன்றாக உழைக்கும் குதிரையைப் பள்ளி எளிதில் விட்டுக்கொடுக்காது. அண்மை மாதங்களில் அதன் பாட நேரம் குறைந்துவந்திருந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். கடந்த ஓராண்டுக்கான பாடப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எந்த வாரங்களில் அது வேலை செய்யவில்லை, ஏன் செய்யவில்லை, குதிப்பயிற்சிக்கு அதை எப்போதிலிருந்து பயன்படுத்தவில்லை, எடை கூடியவர்களுக்குக் கொடுப்பதை எப்போது நிறுத்தினார்கள் என்பனவற்றை அந்தப் பதிவேடு காட்டிவிடும். லாயப் பணியாளர்களிடமும் பேசுங்கள். தமிழ் பேசுபவர் ஒருவர் இருந்தால் உங்களுக்கு இன்னும் வசதி. நாள்தோறும் குதிரையின் சாணத்தை அள்ளி, அதன் காலைத் தடவிக் கழுவுபவருக்குத் தெரிந்த விவரம் அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவருடைய வேலைக்கு ஊறு வரும்படி எதையும் கேட்காதீர்கள். "இதற்கு எந்தக் காலில் அடிக்கடி தண்ணீர் அடிப்பீர்கள்?" என்ற எளிய கேள்வி போதும்; வலியோ வீக்கமோ உள்ள காலைத்தான் அப்படிக் குளிர்விப்பார்கள்.

மருத்துவப் பரிசோதனை தேவையில்லை என்ற பேச்சை மட்டும் நீங்கள் ஏற்கவே கூடாது. வாங்குவதற்கு முன் செய்யும் முழுப் பரிசோதனை ஐந்து கட்டங்களைக் கொண்டது. குதிரை ஓய்வாக நிற்கும்போது கண், பல், இதயம், நுரையீரல், தோல், குளம்பு ஆகியவற்றைப் பார்ப்பது முதல் கட்டம். கையில் பிடித்து நடத்தியும் டிராட்டில் ஓடவிட்டும் பார்ப்பது இரண்டாவது. சேணமிட்டு ஓட்டி இதயத்தையும் மூச்சையும் கேட்பது மூன்றாவது. ஓய்வு கொடுத்து அவை எவ்வளவு விரைவில் இயல்புக்குத் திரும்புகின்றன என்று கவனிப்பது நான்காவது. மீண்டும் ஒருமுறை டிராட்டில் ஓடவிட்டு, உழைப்புக்குப் பின் நொண்டல் தலைகாட்டுகிறதா என்று பார்ப்பது ஐந்தாவது. இவற்றோடு கால்மூட்டை ஏறத்தாழ ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்திருந்து, விட்டவுடன் ஓடவைக்கும் சோதனையையும் பெரும்பாலான மருத்துவர்கள் செய்வார்கள். இரத்த மாதிரி ஒன்றை எடுத்துச் சேமித்துவைக்கும்படியும் கேளுங்கள். வலியை மறைக்கும் ஃபினைல்பியூட்டசோன் போன்ற மருந்தோ, சாந்தப்படுத்தும் மருந்தோ கொடுக்கப்பட்டிருந்ததா என்ற ஐயம் பின்னால் எழுந்தால், விடை சொல்ல அந்த மாதிரி ஒன்றே இருக்கும். இதனால் பள்ளியை நீங்கள் சந்தேகிக்கிறீர்கள் என்று ஆகிவிடாது. எந்த விற்பனையிலும் இது வழக்கம்தான்.

16 வயது முன்னாள் பந்தயக் குதிரையிடம் நானாக இருந்தால் எவற்றைத் தேடுவேன் என்று சொல்கிறேன். முன்னங்காலின் பின்புறத் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து, முழங்காலிலிருந்து கீழ்நோக்கி மெல்லத் தடவிவருவேன். பழைய பந்தயக் காயம் இருந்தால் அந்த நாணில் ஓரிடம் தடித்து, விரலுக்குக் கயிற்று முடிச்சுபோல் தட்டுப்படும். பல ஆண்டுகளுக்கு முன் ஆறிய தடிப்பு, மென்மையான வேலைக்குத் தடையாக இருக்காது. ஆனால் குதிப்பயிற்சியில் ஆர்வம் உள்ள பெண்ணுக்கு அந்தக் குதிரை ஏற்றதன்று. அடுத்து, பின்னங்காலின் நடுமூட்டையும் முன்குளம்புக்குள் இருக்கும் நேவிகுலர் எலும்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பேன். இந்த வயதில் எக்ஸ்ரே முற்றிலும் சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏறத்தாழ எல்லா உழைப்பாளிக் குதிரைகளிலும் ஏதாவது ஒரு தேய்மானம் தெரியும். படத்தில் தெரியும் மாற்றமும் குதிரை நடக்கும் விதமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, வாரத்திற்கு நான்கு நாள் மிதமான வேலையை அது வலியின்றிச் செய்யுமா என்பவற்றையே மருத்துவரிடம் கேளுங்கள். "தேறியதா, தேறவில்லையா" என்று கேட்காதீர்கள். உங்கள் மகள் என்ன செய்யப்போகிறாள் என்பதை முன்கூட்டியே சொல்லி, அந்தப் பயனுக்கு இந்தக் குதிரை ஏற்றதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

15 வயதைக் கடந்த குதிரைகளுக்குப் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு வருவதுண்டு. ரோமம் நீண்டு உதிராமல் நிற்பது, முதுகுத் தசை கரைவது, அடிக்கடி நீர் குடிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். குளம்பின் உள்ளே அழற்சி ஏற்பட்டு நிற்கவே முடியாமல் போவது அதன் மோசமான விளைவு. இரத்தப் பரிசோதனை ஒன்றில் அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் அதையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். பற்களை அராவிய தேதியையும் கேளுங்கள். வயதைப் பள்ளி சொன்னபடி எழுதிக்கொள்ள வேண்டாம். கடவுச்சீட்டையும் மைக்ரோசிப் எண்ணையும் ஒப்பிடுங்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த பந்தயக் குதிரைகள் பலவற்றின் தோளில் சூட்டுக்குறி இருக்கும். அதில் கீழே உள்ள எண் பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம்.

வெக்கையைத் தாங்குவது பற்றி முன்பே சொன்னேன். அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்க்கும் திறன் குறைந்துவிடும். அந்த நோய் பிறநாட்டிலிருந்து வந்த குதிரைக்கு மட்டும் வருவதன்று. பல ஆண்டுகள் இங்கே வாழ்ந்த குதிரைக்கும் ஒரு கட்டத்தில் தொடங்கலாம். மகள் பாடம் முடித்து இறங்கியவுடன் சேணத்தைக் கழற்றுங்கள். சேணத் துணியின் அடியிலும் கழுத்திலும் விலாவிலும் ரோமம் நன்றாக நனைந்திருக்க வேண்டும். பிடரி மயிரின் கீழும் பின்தொடைகளுக்கு நடுவிலும் மட்டும் ஈரம் இருந்து, மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, மூக்குத்துளைகள் விரிந்து குதிரைக்கு வேகவேகமாக மூச்சிரைத்தால் கவலைப்பட வேண்டும். ஓய்வில் இருக்கும் குதிரை நிமிடத்திற்கு 8 முதல் 16 முறை மூச்சுவிடும். இதயம் 28 முதல் 44 முறை துடிக்கும். உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். வேலை முடிந்து, தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து, நிழலில் நடக்கவிட்டு அரை மணி நேரமாகியும் மூச்சு அடங்காத குதிரையை, மாலை நான்கு மணிக்குப் பள்ளி முடிந்து ஓடிவரும் மாணவிக்கு வாங்கித் தருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதனை விடிகாலையில்தான் ஓட்ட முடியும். வேலை நாளில் விடிகாலையில் உங்கள் வீட்டிலிருந்து லாயத்திற்கு யார் போவது?

செலவுக்கு வருகிறேன். வாங்கும் விலை சிறிய தொகை. வைத்திருக்கும் செலவே பெரிது. லாய வாடகை, தீவனம், பணியாளர் கட்டணம் ஆகியவை சேர்ந்து மாதத்திற்கு ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும். உலர்புல்லும் தானியமும் கப்பலில் வருகின்றன. லாடத்தை ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, பல் மருத்துவம், மூன்றாம் தரப்புக் காப்புறுதி, பொருத்தமான சேணம் என்று பட்டியல் நீளும். பள்ளிச் சேணம் விலையில் அடங்காது என்றே பெரும்பாலும் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஒருநாள் நள்ளிரவில் வயிற்றுவலி வந்தால் யாரை அழைப்பது, அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் எங்கே கொண்டுசெல்வது என்பதை வாங்குவதற்கு முன்பே லாய மேலாளரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பந்தயம் நின்றபின் இந்தக் கேள்விக்கான விடை முன்புபோல் எளிதாக இருக்கும் என்று கருத வேண்டாம்.

செலவைக் குறைக்கப் பள்ளி ஒரு வழி சொல்லக்கூடும்: குதிரை உங்கள் பெயரில் இருக்கட்டும், வாரத்தில் சில பாடங்களுக்கு நாங்கள் பயன்படுத்திக்கொள்கிறோம், வாடகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்கிறோம் என்பார்கள். கேட்பதற்கு இரு தரப்புக்கும் நன்மை போலத்தான் இருக்கும். குதிரையின் அன்றாட ஒழுங்கு முழுவதுமாக மாறிவிடாமல் இருப்பது உண்மையிலேயே ஒரு நன்மை. ஆனால் யார் ஏறலாம், எத்தனை கிலோ எடை வரை ஏறலாம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், வெயில் நேரத்தில் உண்டா, வேறொருவர் ஏறியிருக்கும்போது கால் பழுதானால் மருத்துவச் செலவு யாருடையது என்பவை ஒவ்வொன்றும் எழுத்தில் இல்லாவிட்டால், பள்ளி தன் குதிரையை அதே வேலைக்கு வைத்துக்கொண்டு அதன் முதுமைச் செலவை மட்டும் உங்களுக்கு மாற்றிவிட்டதாக ஆகிவிடும். எல்லாப் பள்ளிகளும் அப்படி நினைப்பதில்லை. நேர்மையாக நடப்பவர்களை நான் அறிவேன். எழுத்தில் இருப்பது அவர்களுக்கும் நல்லது.

இனி, என் மனத்தில் மிகவும் கனப்பதைச் சொல்கிறேன். இப்போது குதிரைக்கு 16 வயது, மகளுக்கு 14. இரண்டு ஆண்டில் அவள் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு எழுதுவாள். அந்த ஆண்டு முழுவதும் வாரத்திற்கு ஒருமுறை லாயத்திற்கு வந்தாலே பெரிது. அவளுக்கு 20 வயதாகி, பல்கலைக்கழகத்தில், ஒருவேளை வெளிநாட்டில், படித்துக்கொண்டிருக்கும்போது குதிரைக்கு 22 வயது ஆகியிருக்கும். நல்ல பராமரிப்பில் குதிரைகள் 25 முதல் 30 வயது வரை வாழ்கின்றன. ஏறுவதற்கு உதவாத, ஆனால் உண்டு உறங்கி நலமாக வாழும் ஒரு விலங்கை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை நீங்கள் காப்பாற்ற வேண்டியிருக்கும். பரந்த மேய்ச்சல் நிலமுள்ள நாடுகளில் முதிய குதிரையைப் புல்வெளியில் விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டில் அப்படி விடுவதற்கு நிலம் இல்லை. லாயங்கள் பெரும்பாலும் அரசு நிலத்தில் குத்தகைக் காலத்திற்கு உட்பட்டு இயங்குகின்றன. புக்கிட் தீமா டர்ஃப் சிட்டி வட்டாரம் வீடமைப்புக்கு ஒதுக்கப்பட்டதை நாம் அறிவோம். கிராஞ்சி பந்தயத் திடலின் நிலமும் அரசுக்குத் திரும்புகிறது. எனவே ஓய்வுபெற்ற குதிரைக்கும் முழு வாடகை கட்ட வேண்டும். அல்லது எல்லை தாண்டி அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு நம் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவின் அனுமதியும், ஏற்கும் நாட்டின் அனுமதியும், ஆரோக்கியச் சான்றிதழும், நீண்ட பயணத்தைத் தாங்கும் உடலும் வேண்டும். வலி தாங்க முடியாத நிலை வந்தால் அமைதியான முடிவைக் கொடுக்கும் பொறுப்பும் உரிமையாளருடையதே. அந்த முடிவை உரிய நேரத்தில் எடுப்பதை நான் அன்பின் கடமை என்றே கருதுகிறேன். ஆனால் அதைப் பற்றி உங்கள் குடும்பம் இன்றே பேசியிருக்க வேண்டும்.

"நாம் வாங்காவிட்டால் எங்காவது அனுப்பிவிடுவார்கள்" என்று அழும் மகளின் கண்ணீரை நான் சிறிதாக எண்ணவில்லை. இரண்டு ஆண்டுகளாகத் தன்னைச் சுமந்த ஓர் உயிருக்காக ஒரு பெண் அழுகிறாள் என்றால், அவள் குதிரையேற்றத்தின் முக்கியமான பாடத்தை ஏற்கெனவே கற்றுவிட்டாள். இருப்பினும் அவள் முன் இரண்டு வெவ்வேறு முடிவுகள் இருப்பதை நீங்கள் அவளுக்கு விளக்க வேண்டும். ஏறிப் பயில, போட்டிகளில் கலந்துகொள்ள, இன்னும் மேலே கற்க ஒரு குதிரை வேண்டும் என்பது ஒரு முடிவு. இந்தக் குதிரையின் முதுமைக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்பது இன்னொரு முடிவு. இரண்டாவதும் மதிப்பிற்குரியதே, வசதி இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அப்படிச் செய்தால் ஏறுவதற்கு அவள் பள்ளியின் வேறு குதிரையில் பாடம் எடுத்தாக வேண்டும். இரண்டு செலவையும் தாங்க முடியுமா என்று பாருங்கள். ஒன்றை நினைத்து மற்றொன்றை வாங்கும் குடும்பங்களில்தான், இரண்டு ஆண்டுகளில் குதிரை கவனிப்பாரின்றி நிற்கிறது. அனுப்பிவிடுவார்கள் என்பது உண்மையா என்பதையும் பள்ளியிடம் நேரடியாகவே கேட்டுவிடுங்கள். ஒருவேளை அது பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதாக இருக்கலாம்.

குத்தகைக்குக் கேட்கும்போது இவற்றை எழுத்தில் கொண்டுவாருங்கள். ஆறு மாதக் காலத்தில் மகள் வாரத்திற்கு மூன்று அல்லது நான்கு முறை ஏறுவாள்; மற்ற நாள்களில் அது பாடங்களில் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கும்; லாடம், மருத்துவம் ஆகியவற்றின் செலவு எப்படிப் பிரியும்; குத்தகை முடிவில் இன்றைய விலையிலேயே வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கும்; வாங்கினால், குத்தகைத் தொகையில் ஒரு பகுதி விலையில் கழியும். அந்த ஆறு மாதத்தில் வடகிழக்குப் பருவமழையின் ஈரமான வாரங்களும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குளம்பு அழுகலும், ஈரத்தால் தோலில் வரும் மழைப் படையும் தோன்றும் காலம் அது, தினமும் குளம்பைக் காயவைத்து மருந்திடும் சலிப்பான வேலையை மகள் எத்தனை நாள் தொடர்கிறாள் என்பதும் அப்போது தெரிந்துவிடும். பள்ளி குத்தகைக்கு இணங்கவில்லை என்றால், மருத்துவப் பரிசோதனைக்கும் பதிவேட்டைக் காட்டுவதற்குமாவது இணங்கட்டும். அந்த இரண்டையும் பார்த்து முடிவெடுக்கலாம். மூன்றையும் மறுத்து, வேறொருவர் கேட்கிறார் என்று அவசரப்படுத்தினால், எவ்வளவு அன்பு இருந்தாலும் வாங்காதீர்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து விற்பனை ஒப்பந்தம் எழுதும் நாள் வந்தால், அதில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: பின்னொரு காலத்தில் நீங்கள் இந்தக் குதிரையை விற்கவோ கொடுக்கவோ நேர்ந்தால், அதை முதலில் பள்ளிக்கே தெரிவிப்பீர்கள், பள்ளி விரும்பினால் முதல் வாய்ப்பு அதற்கே உண்டு. நல்ல பள்ளி இந்த வரியைத் தானாகவே கேட்கும். கேட்காவிட்டாலும் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். குதிரை அங்கே ஆறு ஆண்டு உழைத்திருக்கிறது.